சம்பளப் பட்டியலில் நான்கு வரிகள்

இது நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடித்தபடி நிதானமாகப் படியுங்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது நீங்களே ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். முக்கியமாக உங்களுக்காக எழுதுகிறேன்.

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. அமெரிக்காவில் இப்படி இருந்தது என்று பொதுவாக எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் எவ்வளவு குறைத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எதிர்த்துக் கேட்டவருக்கு என்ன ஆனது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. எனக்கும் ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்தது. அதனால் இன்று உலகம் முழுவதையும் சுற்றாமல் ஒரே ஓர் ஊரின் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தொழிலும் நம் தொழில்தான். பள்ளி ஆசிரியர் தொழில்.

ஊர், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள நார்ஃபோக் என்ற துறைமுக நகரம். காலம், 1930களின் கடைசி. நகரின் கல்வி வாரியம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வைத்திருந்த ஆண்டுச் சம்பளம் இது. நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தொகை டாலரில்.

வெள்ளையின ஆண்: தொடக்கம் 1,200, உச்சம் 2,185
வெள்ளையினப் பெண்: தொடக்கம் 970, உச்சம் 1,900
கறுப்பின ஆண்: தொடக்கம் 784.50, உச்சம் 1,235
கறுப்பினப் பெண்: தொடக்கம் 699, உச்சம் 1,105

நான்கே வரிகள். எல்லோரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். ஒரே வாரியத்தின் கீழ் வேலை பார்ப்பவர்கள். யாரும் இதை ஒளித்துவைக்கவில்லை. வாரியமே முறையாக வகுத்து வைத்திருந்த விகிதம் இது.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆசிரியையின் பதிவில் கணக்கு இல்லாமல் எப்படி?

வெள்ளையின ஆண் 100 டாலர் வாங்கினால், அதே நாளில் வேலைக்குச் சேரும் கறுப்பினப் பெண் 58 டாலர் வாங்குகிறார். இது தொடக்கத்தில். சர்வீஸ் கூடக் கூட இடைவெளி குறையும் என்றுதானே நினைப்போம்? உச்சச் சம்பளத்தைப் பாருங்கள். 2,185க்கு 1,105. அதாவது 100க்கு 51தான். அனுபவம் ஏற ஏற இடைவெளியும் ஏறுகிறது. காரணம் எளியது. வெள்ளையின ஆணுக்கு ஆண்டு உயர்வுகள் எல்லாம் சேர்ந்து 985 டாலர் கூடுகிறது. கறுப்பினப் பெண்ணுக்கு மொத்தமே 406 டாலர்தான் கூடுகிறது.

இன்னொன்று. பல வருஷம் பாடம் நடத்தி உச்சத்தைத் தொட்ட கறுப்பின ஆசிரியைக்கு 1,105. நேற்றுச் சேர்ந்த வெள்ளையின இளைஞனுக்கு 1,200. ஓய்வுபெறும் வயதில் இருக்கும் அந்த அம்மா, மகன் வயதில் இருக்கும் ஒருவனின் முதல் சம்பளத்தைக்கூடத் தொட முடியாது. கறுப்பின ஆண் உச்சத்துக்குப் போனால் அந்த இளைஞனை 35 டாலரில் தாண்டுவார். ஆண்டுக்கு 35.

இதே பட்டியலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இனத்தை மறந்துவிட்டு ஆண், பெண் என்று மட்டும் பாருங்கள். வெள்ளையினத்தாருக்குள் பெண்ணுக்குத் தொடக்கத்தில் 230 டாலர் குறைவு. கறுப்பினத்தாருக்குள் 85.50 குறைவு. ஆக, கறுப்பினப் பெண்ணுக்கு இரண்டு வெட்டு. கறுப்பர் என்பதற்கு ஒன்று, பெண் என்பதற்கு இன்னொன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சட்டம் என்ன சொன்னது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் ஒரு வழக்கில், இரு இனத்தாரையும் தனித்தனியே வைக்கலாம், வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னது. தென் மாநிலங்களில் ரயில் பெட்டி, பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் எல்லாம் தனித்தனி. 'தனித்தனி' என்பதைக் கறாராகக் கடைப்பிடித்தார்கள். 'சமம்' என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு இடிந்த கட்டடம், வெள்ளையினப் பள்ளியில் பயன்படுத்தித் தள்ளிய பழைய புத்தகம், குறைந்த சம்பளத்தில் ஆசிரியர்.

இந்த இடத்தில்தான் ஓர் இளம் வழக்கறிஞர் வருகிறார். பெயர் தர்குட் மார்ஷல். 1908இல் பால்டிமோர் நகரில் பிறந்தவர். அவருடைய அம்மா நார்மா, கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. ஆகவே ஆசிரியர் சம்பள வேறுபாடு என்பது அவருக்குச் சட்டப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல, வீட்டுச் செய்தி. 1909இல் தொடங்கப்பட்ட கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் சார்பில் அவரும், அவருடைய குரு சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். தனித்தனி என்ற ஏற்பாட்டையே நேரடியாகத் தாக்குவதற்கு முன்னால், 'சமம் என்றீர்களே, அதைக் கொடுங்கள்' என்று கேட்பது. அதற்குச் சம்பளம் வசதியான விஷயம். கட்டடம் நல்லதா கெட்டதா என்று வாதம் பண்ணலாம். 1,200 பெரிதா 784 பெரிதா என்று யாரும் வாதம் பண்ண முடியாது.

முதல் வழக்குகள் மேரிலாந்து மாநிலத்தில். 1936 கடைசியில் வில்லியம் கிப்ஸ் என்ற தலைமையாசிரியர் வழக்குப் போட்டார். 1937இல் அந்தக் கவுண்டியின் வாரியம் வழக்கை நடத்தாமலே இறங்கிவந்து, சம்பளத்தைப் படிப்படியாகச் சமப்படுத்த ஒத்துக்கொண்டது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போல. அடுத்து ஆன் அருண்டல் கவுண்டியில் வால்டர் மில்ஸ் என்ற தலைமையாசிரியர். அவருக்கு ஆண்டுக்கு 1,058 டாலர். அதே பொறுப்பில் இருந்த வெள்ளையினத்தவருக்கு 1,800. 1939 நவம்பரில் நீதிபதி கால்வின் செஸ்நட், இனத்தை மட்டும் காரணமாக வைத்துக் குறைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்.

நார்ஃபோக்கில் முதலில் நின்றவர் ஒரு பெண்.

பெயர் அலீன் பிளாக். கறுப்பினப் பிள்ளைகளுக்கான புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. முதுநிலைப் பட்டம் பெற்றவர். பத்து வருஷத்துக்கும் மேல் சர்வீஸ். 1939 மார்ச்சில் அவர் பெயரில் மனு தாக்கலானது. சில மாதங்களில் உள்ளூர் நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. அவர் மேல்முறையீட்டுக்குத் தயாரானார்.

அங்கே ஆசிரியர் வேலை வருடாவருடம் ஒப்பந்தம். அந்த ஜூனில் வாரியம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேலை நீக்கம் என்ற சொல்லே எங்கும் வரவில்லை. புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். வேலையே இல்லாதவர் சம்பள வித்தியாசம் கேட்டு வழக்கு நடத்த முடியாது. வழக்கும் போயிற்று, வேலையும் போயிற்று.

நார்ஃபோக்கின் கறுப்பின மக்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பலகைகளை ஏந்தித் தெருவில் ஊர்வலம் போனார்கள். தங்கள் டீச்சரைத் திரும்பக் கொடு என்று பிள்ளைகள் போன ஊர்வலம். முப்பது வருஷத்துக்கும் மேல் வகுப்பறையில் நின்றவள் நான். இதைவிடப் பெரிய நல்லாசிரியர் விருது உண்டா என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் வாரியம் அசையவில்லை. அலீன் பிளாக் மேற்படிப்புக்காக நியூயார்க் போனார்.

அடுத்து நின்றவர் அதே பள்ளியின் ஆசிரியர் மெல்வின் ஆல்ஸ்டன். நார்ஃபோக் கறுப்பின ஆசிரியர் சங்கத்தின் தலைவர். முன்னால் நின்றவருக்கு என்ன ஆனது என்று கண் முன்னால் பார்த்த பிறகும் கையெழுத்துப் போட்டார். இந்த முறை சங்கமும் சேர்ந்தே வழக்குத் தொடுத்தது. ஒரு தனி ஆளை வெளியே அனுப்புவது சுலபம், சங்கத்தை அனுப்ப முடியாது.

ஆல்ஸ்டனின் சம்பளம் 921 டாலர். அவரைப் போன்ற வெள்ளையின ஆணுக்குக் குறைந்தபட்சமே 1,200.

வாரியத்தின் பதில் என்ன தெரியுமா? 'அவர் தாமாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தொகையைப் பார்த்துவிட்டுத்தானே போட்டார்? பிறகு கேட்க என்ன உரிமை?' இதுதான் வாதம். கீழ் நீதிமன்றம் 1940 பிப்ரவரியில் இதை ஏற்றுக்கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இந்த வாதத்தின் பொறியைக் கவனியுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால், 'நீ ஒத்துக்கொண்டாயே' என்பார்கள். கையெழுத்துப் போடாமல் கேட்டால், 'நீ எங்கள் ஆசிரியரே இல்லையே' என்பார்கள். எப்போதுதான் கேட்பது?

மேல்முறையீட்டில் மார்ஷலும் வில்லியம் ஹேஸ்டியும் இதைத்தான் உடைத்தார்கள். 1940 ஜூனில் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் பார்க்கர் தீர்ப்பு எழுதினார். அதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். அந்தச் சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே போதும், இன வேறுபாடு அதில் வெளிப்படையாக இருக்கிறது. ஆசிரியர் பணிக்குத் தகுதி பெற்றவர்கள், அதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள், அரசாங்கம் இனம் பார்க்காமல் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும் என்று கேட்க உரிமை உள்ளவர்கள். கையெழுத்துப் போட்டது அந்த ஒரு வருஷத்தைத்தான் கட்டுப்படுத்தும், வரும் வருஷங்களை அல்ல.

வாரியம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கை எடுத்துக்கொள்ள 1940இலேயே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிறகு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகச் சமப்படுத்துவதாக நார்ஃபோக் ஒத்துக்கொண்டது. 1941இல் அலீன் பிளாக் அதே பள்ளிக்குத் திரும்பி வந்து மறுபடியும் சாக்பீஸ் எடுத்தார்.

இங்கே கதையை முடித்தால் எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. நான்கு வரிகளை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? மறுபடி பாருங்கள்.

ஆல்ஸ்டனின் வழக்கில் ஒப்பீடு எப்படி அமைந்தது? கறுப்பின ஆணை வெள்ளையின ஆணோடு வைத்துப் பார்த்தார்கள். 921ஐ 1,200ஓடு. அதே கணக்கில் கறுப்பினப் பெண்ணுக்குச் சமம் யார்? வெள்ளையினப் பெண். 699 டாலர் 970 ஆகும். அதற்கு மேலே இருக்கும் 1,200ஐ இந்தத் தீர்ப்பு தொடவில்லை. இன வித்தியாசம் சட்டவிரோதம் ஆயிற்று. அதே தாளில், பக்கத்துக் கட்டத்தில் இருந்த ஆண், பெண் வித்தியாசம் வழக்கில் கேள்வியாகக்கூட எழவில்லை. முதலில் நின்று வேலையை இழந்தவர் ஒரு பெண். அவர் திறந்த வழியில் அவருக்குக் கிடைக்கக் கூடியது பாதி நியாயம்தான். இதற்காக மார்ஷலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அன்றைய சட்டத்தில் இனத்தைக் காட்டி வாதாட ஒரு திருத்தம் இருந்தது, பெண் என்பதைக் காட்டி வாதாட வழியே இல்லை. வெல்லக் கூடியதைக் கேட்டு வென்றார்கள்.

பெண் ஆசிரியர்கள் அதுவரை சும்மா இருந்தார்களா? இல்லை. நியூயார்க் நகரில் 1900களின் தொடக்கத்தில் ஆசிரியைக்குத் தொடக்கம் 600 டாலர், ஆசிரியருக்கு 900. கிரேஸ் ஸ்ட்ரான் என்பவர் தலைமையில் பெண் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கணக்கில் போராடியது. மாநில சட்டசபை மசோதாவை நிறைவேற்றியபோது 1907இல் ஆளுநர் அதைத் தடுத்து நிறுத்தினார். கடைசியில் 1911இல் சட்டம் வந்தது. ஒரு நகரத்துக்கு மட்டும்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே ஆசிரியையின் சம்பளம் ஆசிரியர் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. 1944 மார்ச்சில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, கல்வி மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. தெல்மா கசலெட் கெய்ர் என்ற பெண் உறுப்பினர், ஆசிரியைகளுக்குச் சம சம்பளம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவர் ஆளுங்கட்சியான கன்சர்வேடிவ் கட்சிக்காரர்தான். வாக்கெடுப்பில் 117க்கு 116. ஒரே ஓட்டில் திருத்தம் ஜெயித்தது!

பிரதமர் சர்ச்சிலுக்குக் கோபம். இரண்டே நாளில் அதை அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றினார். போர் நடுவில் அரசைக் கவிழ்க்க யார் துணிவார்கள்? 425க்கு 23 என்று திருத்தம் தோற்றது. இரண்டு நாள் முன்னால் ஆதரித்தவர்களில் பலர் எதிராக ஓட்டுப் போட்டார்கள். விஷயத்தை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஆணையம் அமைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கும் தெரியும்! பிரிட்டிஷ் ஆசிரியைகளுக்கு 1955இல் ஒப்பந்தம் வந்து, ஏழு தவணைகளாக உயர்த்தி, 1961இல்தான் முழுச் சமம் கிடைத்தது.

அங்கேயும் சில ஆண் ஆசிரியர்கள் சம சம்பளத்தை எதிர்த்துத் தனிச் சங்கமே வைத்திருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணம், ஆணுக்குக் குடும்பம் இருக்கிறது, மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் 1942இல் நடந்த வழக்கில் வாரியம் சொன்ன காரணத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். கறுப்பின ஆசிரியர்களின் வாழ்க்கைச் செலவு குறைவு, அந்த வேலைக்கு அவர்களில் நிறையப் பேர் கிடைக்கிறார்கள், அதனால் குறைந்த சம்பளத்துக்கு எடுக்க முடிகிறது என்றார்கள்.

இரண்டும் ஒரே வாதம்தான். 'உனக்கு இவ்வளவு போதும்.' செய்கிற வேலைக்கு என்ன மதிப்பு என்று பார்க்காமல், செய்கிற ஆளுக்கு எவ்வளவு போதும் என்று பார்ப்பது. விதவைத் தாயும் நான்கு தங்கைகளும் உள்ள ஆசிரியைக்குக் குடும்பம் இல்லையா? கல்யாணமே ஆகாத ஆசிரியருக்கு எந்தக் குடும்பம்? அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டுக்கொண்டதே இல்லை. வாழ்க்கைச் செலவு குறைவு என்பதும் அப்படித்தான். குறைவான சம்பளம் கொடுத்தால் குறைவாகத்தான் செலவு செய்வார்கள். பிறகு அந்தக் குறைவான செலவையே காட்டிச் சம்பளத்தைக் குறைப்பார்கள்.

நேரடியாகக் குறைக்க முடியாது என்று ஆன பிறகு என்ன செய்தார்கள் என்பதும் முக்கியம்.

அர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் சூ கோவன் மோரிஸ் என்ற ஆங்கில ஆசிரியை 1942இல் வழக்குப் போட்டார். டன்பார் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத் துறைத் தலைவர். அங்கே வாரியம், 'நாங்கள் இனம் பார்ப்பதில்லை, ஒவ்வோர் ஆசிரியரின் திறமையை மதிப்பிட்டுச் சம்பளம் தருகிறோம்' என்றது. மதிப்பெண் போட்டவர்கள் வாரியத்தின் அதிகாரிகள். விசித்திரமாக, கறுப்பின ஆசிரியர்களின் மதிப்பெண்களும் சம்பளமும் ஒட்டுமொத்தமாகக் கீழேயே இருந்தன. முதல் நீதிமன்றத்தில் அவர் தோற்றார். 1943இல் அவருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. 1945இல் மேல்முறையீட்டில் வென்றார். தீர்ப்பு வந்தும் உடனே வேலை கிடைக்கவில்லை. 1952இல்தான் பள்ளிக்குத் திரும்ப முடிந்தது. இன்று லிட்டில் ராக்கில் ஒரு பொது நூலகம் அவர் பெயரில் இருக்கிறது.

தென் கரோலினாவில் வயோலா டுவால் என்ற ஆசிரியை 1944இல் சார்ல்ஸ்டன் நகர வழக்கில் வென்றார். நீதிபதி வேட்டிஸ் வேரிங். அடுத்த வருஷமே மாநிலம் ஒரு புது முறை கொண்டுவந்தது. தேசிய ஆசிரியர் தேர்வு எழுத வேண்டும், அதன் மதிப்பெண்ணை வைத்துச் சான்றிதழ் தரம், தரத்தை வைத்துச் சம்பளம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதானே? ஆனால் ஐம்பது வருஷம் கிழிந்த புத்தகமும் குறைந்த வசதியும் கொடுத்துப் படிக்கவைத்தவர்களை, எல்லா வசதியும் கொடுத்துப் படிக்கவைத்தவர்களோடு ஒரே தாளில் உட்காரவைத்தார்கள். முடிவு என்ன ஆகும் என்று தேர்வு வைத்தவர்களுக்குத் தெரியும்.

1954இல் மார்ஷல் வாதாடிய பிரவுன் வழக்கில் தனித்தனிப் பள்ளி முறையே சட்டவிரோதம் ஆனது. மகத்தான தீர்ப்பு. ஆனால் பள்ளிகளை இணைத்தபோது கறுப்பினப் பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் வெள்ளையினப் பள்ளிக்குப் போனார்கள், அவர்களின் டீச்சர்கள் போகவில்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இருக்கிறது. போராடிச் சமமாக்கிய சம்பளத்தை வாங்க ஆளே இல்லாமல் போயிற்று. மார்ஷல் 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார்.

பெண்கள் கதைக்கு வருவோம். 1963இல் கென்னடி சம ஊதியச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்பாடா என்று தோன்றும். ஆனால் நிர்வாகிகள், தொழில்முறை வல்லுநர்கள், ஆசிரியர்கள் இவர்களுக்கெல்லாம் அதில் விலக்கு. அந்த விலக்கு நீங்கியது 1972இல். அதாவது நார்ஃபோக் பட்டியலின் இன வித்தியாசத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி 32 வருஷம் கழித்துத்தான், ஆண், பெண் வித்தியாசத்தைத் தடுக்கும் தேசியச் சட்டம் ஆசிரியைகளுக்கு முழுமையாகப் பொருந்தியது.

அமெரிக்காவில் 2023இல் முழுநேர வேலை பார்த்த பெண்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்களுடையதில் சுமார் 83 விழுக்காடு. கறுப்பினப் பெண்களை வெள்ளையின ஆண்களோடு ஒப்பிட்டால் இன்னும் கீழே. இதைச் சொன்னால் சிலர், 'ஒரே வேலைக்கு அப்படிக் கொடுத்தால் சட்டப்படி குற்றமாச்சே?' என்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த 83 என்பது ஒரே நாற்காலியில் உட்கார்ந்த இருவரின் ஒப்பீடு அல்ல. எல்லா வேலைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அதில் நேரடிப் பாகுபாடும் இருக்கிறது. பெண்கள் அதிகமாக இருக்கும் வேலைகளுக்கே சம்பளம் குறைவு என்பதும் இருக்கிறது. பிள்ளை பெற்று வளர்க்கும் வருஷங்களில் விட்டுப்போன பதவி உயர்வும் இருக்கிறது. நான்கு வரியில் எழுதிவைத்திருந்தால் சுட்டிக்காட்டுவது சுலபம். எழுதாமல் நடப்பதைச் சுட்டிக்காட்டுவது கஷ்டம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 1980களில் நான் இடைநிலை ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தபோது, கூடச் சேர்ந்த ஆண்களுக்கும் எனக்கும் ஒரே சம்பள விகிதம். அது இயற்கையாகவே அப்படி இருப்பது என்று நினைத்துத்தான் மாதாமாதம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. நம் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று சொல்கிறது, 1976இல் தனிச் சட்டமே வந்தது என்பதெல்லாம் அப்போது நான் யோசித்துப் பார்க்காத விஷயங்கள். அந்த ஒற்றை வரிப் பட்டியலுக்குப் பின்னால் எத்தனை ஊர்களில் எத்தனை டீச்சர்கள் எவ்வளவு காலம் சண்டை போட்டிருக்கிறார்கள்!

நம் ஊரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2009 ஜூன் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200, அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 8,370 என்று அமைந்ததையும், 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் போராடுவதையும் என் இளைய நண்பர்கள் நன்றாகவே அறிவீர்கள். அங்கே இனம், இங்கே தேதி. தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கும் பெண்கள் பலர், 'வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே, உங்களுக்கு இது போதாதா' என்ற கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நாஷ்வில் வாரியத்தின் அதே பேச்சுத்தான், புடவை கட்டிக்கொண்டு வருகிறது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்களை எழுதிவிட்டு முடிக்கிறேன். வகுப்பு முடிவில் கரும்பலகையில் எழுதிப்போடுவது பழக்கமாகிவிட்டது.

ஒன்று, எழுத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நார்ஃபோக் ஆசிரியர்கள் வென்றதற்குக் காரணம் அந்தப் பட்டியல் எழுத்தில் இருந்தது. உங்கள் சம்பளச் சீட்டு, நியமன ஆணை, பணிப்பதிவேட்டின் நகல் இவற்றைப் பத்திரமாக வையுங்கள். உங்களோடு வேலை பார்ப்பவர் என்ன வாங்குகிறார் என்று தெரியாதவரை உங்களுக்குக் குறைகிறதா என்பதே தெரியாது.

இரண்டு, தனியாக நிற்காதீர்கள். அலீன் பிளாக் தனியாக நின்றபோது அவரை வெளியே அனுப்பினார்கள். சங்கம் கூட நின்றபோது வழக்கு நிலைத்தது. சந்தா கட்டத் தயங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

மூன்று, ஒரு வித்தியாசம் போனதும் அடுத்ததைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் ஒரு கோட்டை அழித்தால் இன்னொரு கோடு தெரியும்.

நான்கு, அலீன் பிளாக், மெல்வின் ஆல்ஸ்டன், வால்டர் மில்ஸ், சூ கோவன், வயோலா டுவால். இந்தப் பெயர்களை உங்கள் பிள்ளைகளிடம் ஒருமுறையாவது சொல்லுங்கள். தர்குட் மார்ஷல் பெயர் பாடப் புத்தகத்தில் வந்துவிடும். இவர்கள் பெயர் வராது. ஆனால் வேலை போகும் என்று தெரிந்தே மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள்தான்.

உங்கள் அம்மாவோ பாட்டியோ டீச்சராக இருந்திருந்தால், அவர்களின் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, அதே பள்ளியில் அன்று ஆண் ஆசிரியர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நானும் படிக்கக் காத்திருக்கிறேன்.